ஐந்தாவது சைகை: லாரிக்காரர்கள் வழிவிடும் வரலாறு

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். இருவழிச் சாலையில் உங்கள் காருக்கு முன்னால் ஒரு லோடு லாரி போகிறது. திடீரென்று அதன் வலது இண்டிகேட்டர் கண் சிமிட்டுகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

டிரைவிங் ஸ்கூலில் படித்தவர் "வலது பக்கம் திரும்பப் போகிறார்" என்பார். அது சரி. ஆனால் அவருக்கு முன்னால் போகும் டிராக்டரை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறப் போகிறார் என்றும் இருக்கலாம். "எதிரில் ரோடு காலி, என் வலப்பக்கமா முந்திப் போ" என்று உங்களுக்கு வழிவிடுவதாகவும் இருக்கலாம். "எதிரில் வண்டி வருது, வலப்பக்கம் வராதே" என்று தடுப்பதாகவும் இருக்கலாம். நம் நெடுஞ்சாலைகளில் இந்த நான்கு அர்த்தமும் புழக்கத்தில் இருக்கிறது. ஓட்டுநருக்கு ஓட்டுநர், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரே சிக்னலுக்கு நான்கு அர்த்தம் வைத்து யாராவது நிரல் எழுதினால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் இந்த "நிரலை" யாரும் வேண்டுமென்றே எழுதவில்லை. இது எப்படி இப்படி ஆனது என்று தேடிப் போனதில் கிடைத்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. விடை பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில், லாரி ஓட்டுநரின் வலது கையில் இருக்கிறது.

சைடு கேட்பதும் சைடு கொடுப்பதும்

சேலம், நாமக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு லாரி வெறும் வாகனம் அல்ல. நாமக்கல் மாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு ரொம்ப காலம் முன்பே அந்த ஊர் லாரிக்குப் பேர் போனது. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு டேங்கர்கள். சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். மழையை நம்ப முடியாத மண்ணில் விவசாயக் குடும்பங்கள் பல சக்கரத்தை நம்பின. தெருவுக்கு ஒரு ஓட்டுநராவது இருப்பார். எங்கள் குடும்பத்திலும் உண்டு. என் பெரியப்பா ஒருவர் பல வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவர் பேச்சில் "ஓவர்டேக்" என்ற வார்த்தையே வராது. "சைடு கேட்டான், சைடு கொடுத்தேன்" என்றுதான் சொல்வார். "சைடு வாங்கிட்டுப் போனான்" என்றும் சொல்வார். கேட்பது, கொடுப்பது, வாங்குவது. கவனித்தால் முந்துவது என்பது ஒருத்தர் தனியாகச் செய்யும் வீரச்செயல் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்று இந்த மொழியே சொல்கிறது.

அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு ஒழுங்கும் இருந்தது. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அது வேண்டுகோள். முன்னால் போகிறவர் எதிரே பார்த்து, ரோடு காலி என்றால் இடது ஓரம் ஒதுங்கி, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசுவார். அது அனுமதி. முந்தியவர் கடந்து போகும்போது கையைத் தூக்குவார், இல்லை ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுவார். அது நன்றி. இரவில் என்றால் இன்னொரு படியும் உண்டு. நீளமான வண்டி முந்தினால் அதன் பின்பகுதி முழுசாகத் தாண்டியதும் பின்னால் இருப்பவர் ஒரு முறை லைட்டை டிம் பண்ணிக் காட்டுவார். "தாண்டிட்ட, இனி இடப்பக்கம் வரலாம்" என்று பொருள்.

நெட்வொர்க் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். இணையத்தில் இரண்டு கணினிகள் பேச ஆரம்பிக்கும் முன்பு மூன்று கட்டமாகக் கைகுலுக்கிக்கொள்ளும்: கேட்கிறேன், சரி, கிடைத்தது. லாரிக்காரர்கள் அதைச் சாலையிலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

லாரியின் பின்னால் எழுதியிருக்கும் "சவுண்ட் ஹாரன்" என்ற வாசகத்துக்கும் இங்கேதான் இடம். வடக்கே அதுவே "ஹாரன் ஓகே ப்ளீஸ்". அந்த "ஓகே" எங்கிருந்து வந்தது என்பதற்குச் சோப்பு விளம்பரக் கதை, மண்ணெண்ணெய்க் கதை என்று பல உண்டு. எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் வாசகத்தின் வேலை தெளிவானது. "நீ பின்னால் வருவது எனக்குத் தெரியாது, கேட்டால் வழி கொடுப்பேன்" என்பது அது. மகாராஷ்டிர அரசு 2015-ல் தேவையில்லாத ஹாரன் சத்தத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி "ஹாரன் ஓகே ப்ளீஸ்" எழுதத் தடை போட்டது. இரைச்சல் உண்மைதான். ஆனால் அந்த எழுத்து ஒரு காலத்தில் மரியாதைக்கான அழைப்பாக இருந்தது என்பதும் உண்மை.

கடன் கொடுத்த கண்

இந்த அனுமதி ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 70-ல் முந்துகிறீர்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து அதைவிட 55 மீட்டர் கூடுதலாக நீங்கள் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக, சுமார் 10 நொடி நீங்கள் எதிர்ப்பக்க ரோட்டில் இருப்பீர்கள். அந்த 10 நொடியில் உங்கள் கார் 195 மீட்டர் போகும். எதிரே 70-ல் வரும் பஸ்ஸும் 195 மீட்டர் வரும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 400 மீட்டர் காலி ரோடு வேண்டும்.

லாரியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்த 400 மீட்டர் தெரியாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்குத் தெரியும். அவர் கையை வீசும்போது தன் கண்ணை உங்களுக்குக் கடன் கொடுக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தர் சொல்வதை நம்பி, குடும்பத்தை வண்டியில் வைத்துக்கொண்டு, நீங்கள் ரோட்டின் தப்பான பக்கத்துக்குப் போகிறீர்கள். நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் அன்றாட வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டத்தில் எழுதப்பட்ட மரியாதை

இது ஓட்டுநர்களாகவே உண்டாக்கிய வழக்கம் என்றுதான் பலரும் நினைப்போம். தேடியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், இது சட்டத்திலேயே இருந்தது என்பது.

பிரிட்டனில் 1931-ல் முதல் சாலை விதிக் கையேடு வெளியானது. ஓட்டுநர் காட்ட வேண்டிய கைச்சைகைகளில், "என்னை முந்திச் செல்லலாம்" என்பதற்கும் ஒரு சைகை அதில் இருந்தது. இந்தியாவில் 1914-ல் முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1939-ஆம் வருடச் சட்டத்தில் சைகைகளுக்கென்றே ஓர் அட்டவணை இணைக்கப்பட்டது. பிறகு 1988-ஆம் வருடச் சட்டம். அதன் கீழ் 1989 ஜூலையில் அமலுக்கு வந்த சாலை விதிகளில் ஓட்டுநருக்கு ஐந்து சைகைகள் சொல்லப்பட்டன:

வேகத்தைக் குறைக்க, வலது கையை நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முன்கையைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். வலது பக்கம் திரும்பவோ ஏறவோ, கையை நேராக நீட்டி உள்ளங்கையை முன்பக்கம் காட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும்.

ஐந்தாவது, பின்னால் வருபவர் தன்னை முந்திச் செல்லலாம் என்று தெரிவிக்க, வலது கையை வெளியே கிடைமட்டமாக நீட்டி அரைவட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும்.

பெரியப்பா கை வீசியது அப்படியே இந்த ஐந்தாவது சைகைதான். முதல் நான்கும் "நான் என்ன செய்யப் போகிறேன்" என்பதைச் சொல்பவை. ஐந்தாவது மட்டும் "நீ என்ன செய்யலாம்" என்பதைச் சொல்கிறது. மற்றது எல்லாம் தகவல், இது ஒன்றுதான் உபசாரம்.

ஐந்து சைகை, மூன்று விளக்கு

இப்போது முதல் கேள்விக்கு விடை வருகிறது.

கை நீட்டுவது பகலில் சரி. இரவில், மழையில் தெரியாது. அதனால் விளக்குகள் வந்தன. 1989 விதிகளிலேயே, மேற்சொன்ன சைகைகளை இயந்திர அல்லது மின் கருவிகளால் எளிமைப்படுத்திக் காட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சைகைக்கு எந்த விளக்கு என்று அந்த வரி பிரித்துச் சொல்லவில்லை.

பொருத்திப் பாருங்கள். வேகம் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் பின்னால் எரியும் சிவப்பு பிரேக் லைட். வலது திரும்ப வலது இண்டிகேட்டர். இடது திரும்ப இடது இண்டிகேட்டர். மூன்று விளக்கில் நான்கு சைகை அடங்கிவிட்டது. ஐந்தாவதுக்கு? விளக்கே இல்லை.

சைகைக்கு விளக்கு இல்லை என்பதற்காக வழிவிடும் தேவை போய்விடவில்லையே. அதனால் ஓட்டுநர்கள் தாங்களே ஒரு வழி பண்ணினார்கள். வலப்பக்கமாகத்தானே முந்த வேண்டும், வலது கையைத்தானே வீசினோம், ஆக வலது இண்டிகேட்டரைப் போடுவோம் என்று சிலர். நான் இடது ஓரம் ஒதுங்குகிறேன், ஆக இடது இண்டிகேட்டர் என்று வேறு சிலர். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு வலது இண்டிகேட்டர் "வராதே" என்றாகிவிட்டது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே ரோட்டில் ஓடுவதுதான் ஆபத்து. நாமக்கல் லாரி காஷ்மீர் வரை போகிறது, பஞ்சாப் லாரி மதுரை வரை வருகிறது. யார் எந்த அகராதியைப் பயன்படுத்துகிறார் என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தெல்லாம் முடிவு பண்ண முடியாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. மெக்சிகோவில் வலப்பக்கம் ஓட்டுவார்கள். அங்கே லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டால் "முந்திப் போ" என்றும் இருக்கலாம், "இடது திரும்புகிறேன்" என்றும் இருக்கலாம். அங்கே கார் ஓட்டப் போகும் வெளிநாட்டவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் இது ஒன்று. ஹெட்லைட் கதையும் இப்படித்தான். பிரிட்டனில் எதிரே வருபவர் லைட் அடித்தால் பெரும்பாலும் "நீங்க போங்க" என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் "நான் வந்துட்டேன், நீ நில்லு". அங்கே பத்து வருடம் ஓட்டிவிட்டு வரும் நம் ஐ.டி. நண்பர்கள் இங்கே முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நேர்மாறாக, பேசி வைத்துக்கொண்ட சைகை எவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டிகளைக் கூட்டமாக ஓட்டுவார்கள். குறுகலான பாதையில் எதிரே ஒரு கூட்டம் வந்தால், முன்னால் வருபவர் தன் பின்னால் இன்னும் எத்தனை வண்டி என்று விரல் விட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. கடைசியில் வருபவர் கையை மூடி முஷ்டியாகக் காட்டுவார், "என்னோடு முடிந்தது" என்று. ஒரு சைகை, ஒரு அர்த்தம். அவ்வளவுதான் தேவை.

மலையில் வேறு கணக்கு

நம் பகுதியில் சமவெளியை விட்டு ஏறினால் ஏற்காடு, கொல்லிமலை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70. அங்கே முந்துவதைவிட எதிரெதிரே கடப்பதுதான் பிரச்சினை.

அதற்கும் ஒரு மரியாதை உண்டு: ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இரண்டு வண்டி கடக்க அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குபவர் ஓரம் கட்டி நிற்க வேண்டும் என்று 1989 விதிகளிலும் இருந்தது. காரணம் இயந்திரவியல். லோடோடு ஏறும் வண்டி நின்றுவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். கிளட்ச் தேயும், வண்டி பின்னால் உருளும். பழைய லாரிகளில் கிளீனர் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டே வருவார். இறங்குபவருக்கோ பிரேக்கை விட்டால் போதும், வண்டி தானாக நகரும். யாருக்கு நிற்பது அதிகக் கஷ்டமோ அவருக்கு வழி. மரியாதை என்று நாம் சொல்வதன் அடியில் இப்படி ஒரு பௌதிகம் இருக்கிறது.

மலையில் இந்த விதி இன்னும் ஓரளவு உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதற்கு விளக்கு எதுவும் தேவையில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பதில் குழப்பமே கிடையாது.

கை உள்ளே போன கதை

சமவெளியில் கை எப்படி மறைந்தது? முதலில் ரோடு மாறியது. காஷ்மீர்–கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை, இந்தப் பகுதியில் பழைய எண் 7, இப்போது 44, சேலம் நாமக்கல் வழியாகப் போகிறது. அது நான்குவழி ஆனதும், நடுவில் மீடியன் வந்ததும், முந்துவதற்கு முன்னால் இருப்பவரின் அனுமதியே தேவையில்லாமல் போனது. எதிரில்தான் யாரும் வரமாட்டார்களே. இது நல்ல விஷயம். ஆனால் நான்குவழியில் மட்டும் ஓட்டிப் பழகிய தலைமுறைக்குச் சைடு கேட்கவும் தெரியாது, கொடுத்தால் புரியவும் புரியாது. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் இருவழிச் சாலையில் இறங்கியதும் அதே வேகம், அதே நினைப்பு.

அடுத்து ஆள் குறைந்தது. கிளீனர் என்பவர் லாரியின் இடது கண், இடது கை. "வரலாம், வரலாம்" என்று பக்கத்தைத் தட்டிச் சொல்பவர். இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் மட்டும்தான். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் எடுக்கப்பட்டது.

கடைசியாக ஜன்னல் மூடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் இன்ஜின் சூட்டோடு பத்து மணி நேரம் உட்காரும் மனிதருக்கு இது என்றைக்கோ வந்திருக்க வேண்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி ஏறியதும் ஐந்தாவது சைகைக்கு இருந்த ஒரே கருவியான வலது கையும் உள்ளே போய்விடும். மிச்சம் இருப்பது நான்கு அர்த்தம் கொண்ட அந்த ஒற்றை மஞ்சள் விளக்குதான்.

என்ன செய்யலாம்

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. மத்திய அரசின் அறிக்கை இவற்றை அதிவேகம், தவறான பக்கம் ஓட்டுதல், மது, செல்போன் என்றெல்லாம் பிரிக்கிறது. "இண்டிகேட்டரைத் தப்பாகப் புரிந்துகொண்டது" என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. அப்படி இறந்தவரும் "தவறான பக்கம்" என்ற கட்டத்தில்தான் போய் விழுவார்.

தொழில்நுட்பத்தால் முடியுமா? முடியும் என்று ஒரு முறை காட்டினார்கள். 2015-ல் அர்ஜென்டினாவில் சாம்சங் நிறுவனம் ஒரு லாரியின் முன்னால் கேமராவும் பின்கதவில் பெரிய திரையும் வைத்துச் சோதித்தது. லாரி ஓட்டுநர் பார்ப்பதைப் பின்னால் வருபவரும் பார்க்கலாம். ஐந்தாவது சைகையின் மின்னணு வடிவம் என்று அதைச் சொல்வேன். ஆனால் நம் ஊர்த் தூசியிலும், பட்டறையில் கதவைக் கழற்றி மாட்டும் வேகத்திலும் அந்தத் திரை எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. "முந்திச் செல்லலாம்" என்ற சைகை இன்றைய அவர்களுடைய கையேட்டில் கிடையாது. முந்துபவரின் பொறுப்பு முந்துபவருக்கே, இன்னொருவர் கண்ணைக் கடன் வாங்காதே என்பதுதான் அதன் உட்பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர்ச்சியான விதி, ஆனால் தெளிவானது.

நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரியின் வலது விளக்கு எரிந்தால், அது "திரும்புகிறேன்" என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி இடது ஓரம் ஒதுங்குகிறதா, வேகம் குறைகிறதா, பக்கத்தில் கிளை ரோடு ஏதும் பிரிகிறதா என்று பாருங்கள். எதிர்ரோட்டை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை ஏறாதீர்கள். விளக்கு பொய் சொல்லலாம். முப்பது டன் வண்டி ஓரம் ஒதுங்குவது பொய் சொல்லாது.

எப்போதாவது பழைய வண்டியில், வயதான ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியே கையை நீட்டி அரைவட்டமாக வீசினால், முதலில் ரோட்டைப் பார்த்துவிட்டு, பிறகு முந்துங்கள். தாண்டியதும் ஹாரனை லேசாக ஒரு தட்டு. பல பத்தாண்டுகளாகச் சட்டப் புத்தகத்திலும் சாலையிலும் இருந்த ஒரு மரியாதைக்கு அந்தப் பதில் போதும்.